ஜப்பான்காரன் சும்மாவா கொடுத்தான்? வெளிநாட்டு உதவிக்கு ஒரு விளக்கம்

ஆனைகட்டியில் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரிப்பது கொடுங்கரைப்பள்ளம் என்ற ஓடை. வற்றிக் கிடந்த பள்ளம் அது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி மலையில் மண்ணையும் மரத்தையும் மீட்கும் வேலை நடந்த பிறகு மறுபடி தண்ணீர் கண்டது. அந்த வேலையை அகளி, கோட்டத்தறைப் பக்கத்துத் தமிழர்கள் இன்றும் ‘ஜப்பான் திட்டம்’ என்றுதான் சொல்வார்கள். டீக்கடையில் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை: “ஜப்பான்காரன் சும்மாவா கொடுத்தான்?”

சும்மா கொடுக்கவில்லை. கடனாகக் கொடுத்தான். ஆனாலும் அதற்குப் பெயர் உதவிதான். இந்தக் குழப்பத்தை முதலில் அவிழ்த்துவிட வேண்டும்.

பணக்கார நாடுகள் மற்ற நாடுகளுக்குத் தருவதில் எது உதவி, எது உதவியில்லை என்று வரையறுப்பது பாரிஸில் இருக்கும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் ஒரு குழு. 1969-ல் அது வகுத்த இலக்கணத்தின் பெயர் ‘அதிகாரப்பூர்வ வளர்ச்சி உதவி’. அரசுப் பணமாக இருக்க வேண்டும். வாங்கும் நாட்டு மக்களின் பொருளாதார வளர்ச்சியும் நலனும் முதன்மை நோக்கமாக இருக்க வேண்டும். இலவசமாகவோ, சந்தையைவிடக் கணிசமாக மலிந்த வட்டியிலோ தரப்பட வேண்டும். துப்பாக்கியும் பீரங்கியும் கணக்கில் வராது. ஆனால் தன் நாட்டுக்கு வந்து சேர்ந்த அகதிகளுக்கு முதல் 12 மாதம் செய்யும் செலவை ஒரு நாடு தன் ‘வெளிநாட்டு உதவி’ கணக்கில் எழுதிக்கொள்ளலாம். பணம் ஊரைவிட்டே போகவில்லை, பெயர் மட்டும் வெளிநாட்டு உதவி!

எவ்வளவு தர வேண்டும் என்பதற்கும் ஒரு வாக்குறுதி உண்டு. பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-ல் தீர்மானம் போட்டது. நூறு ரூபாய் சம்பாதித்தால் எழுபது காசு. அரை நூற்றாண்டு கடந்தும் அதை எட்டியவர்களை விரல்விட்டு எண்ணலாம்: 2024-ல் நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், டென்மார்க், அவ்வளவுதான். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நூறு ரூபாய்க்கு முப்பத்துமூன்று காசு. பிரிட்டன் 2015-ல் 0.7-ஐச் சட்டமாகவே ஆக்கியது, 2021-ல் 0.5-க்கு இறங்கியது, 2027-க்குள் 0.3 ஆக்கப்போவதாக இப்போது சொல்கிறது. அமெரிக்காவோ தன் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டை 2025 ஜூலையில் மூடியேவிட்டது.

இதோடு ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 2023-ல் உலகத்துப் பணக்கார நாடுகள் எல்லாம் சேர்ந்து கொடுத்த உதவி ஏறக்குறைய 22,300 கோடி டாலர். அதே ஆண்டு துபாயிலும் தோகாவிலும் அமெரிக்காவிலும் உழைத்த இந்தியர்கள் வீட்டுக்கு அனுப்பியது ஏறக்குறைய 12,000 கோடி டாலர். பாலக்காட்டுப் பக்கம் ‘கல்ஃப் காசு’ இல்லாமல் எழும்பிய வீடு எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் அட்டப்பாடிக் கணக்கு. 1996-ல் ஜப்பானின் வெளிநாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு நிதியம் இந்திய அரசோடு கடன் ஒப்பந்தம் போட்டது. வேலையை நடத்தியது கேரள அரசு அமைத்த ‘அஹாட்ஸ்’ என்ற அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம். கடன் கொடுத்த நிறுவனம் 1999-ல் வேறொரு வங்கியோடு சேர்ந்தது; 2008-ல் இந்தக் கடன் வேலை ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ‘ஜைக்கா’ கைக்குப் போனது. கடன் கொடுத்தவர் பெயர் இரண்டு முறை மாறினாலும் கடன் ஒன்றுதான். ஒவ்வோர் ஊருக்கும் ஊர் வளர்ச்சிச் சமிதி வைத்து, தடுப்பணை, மரநடவு, வீடு என்று வேலை 2010 வரை ஓடியது.

எந்த மாநிலமும் ஜப்பானிடமோ உலக வங்கியிடமோ தானே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட முடியாது. வாங்குவது பொதுவாக மத்திய அரசு. பிறகு மாநிலத்துக்குக் கைமாற்றும். அந்தக் காலத்தில் நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு 70 பங்கு கடனாகவும் 30 பங்கு மானியமாகவும், ரூபாய்க் கணக்கில் கொடுத்தார்கள். 2005 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கடன்களில் இந்தச் சலுகை இல்லை. வெளிநாட்டுக்காரன் என்ன நிபந்தனையில் கொடுத்தானோ அதே நிபந்தனையில் மாநிலத்தின் தலையில் இறங்கும். நாணய மதிப்பு ஏறினாலும் மாநிலமே தாங்க வேண்டும். இது சின்ன விஷயமில்லை. ஜப்பான் நாணயமான யென் 1996-ல் ஒன்றுக்கு முப்பத்துச் சொச்சம் காசு. 2012-ல் அறுபத்தைந்து காசைத் தாண்டியது. வட்டி மலிவுதான், ஆனால் யென்னில் வாங்கியதை யென்னில்தான் திருப்ப வேண்டும், அந்த யென்னை ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். மலிவு வட்டி என்று மட்டும் பார்ப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

முழு இலவசமாக வந்ததும் உண்டு. என் அத்தை படித்த பள்ளியில் மதியம் மஞ்சள் மக்காச்சோள உப்புமா. ‘அமெரிக்க மாவு’ என்பார்களாம். கேர் என்ற தொண்டு நிறுவனம் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்த தானியம் அது. பிள்ளைகள் பசியாறியது உண்மை. தன் விவசாயியிடம் மிஞ்சியதைத் தள்ளிவிட அமெரிக்காவுக்கு வழி கிடைத்ததும் உண்மை. அங்கே இருந்து போகும் உணவு உதவியில் குறைந்தது பாதியை அமெரிக்கக் கப்பலில்தான் ஏற்ற வேண்டும் என்று 1954-லேயே விதி போட்டார்கள்.

மனிதரை நேராகத் தொடும் உதவிக்கு நல்ல எடுத்துக்காட்டு, உலக வங்கிக் கடனில் தமிழ்நாட்டில் 1980-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை, தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். தாய்க்கு என்ன ஊட்ட வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். தானிய மூட்டை கொடுப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! அட்டப்பாடியில் மலை பசுமையானது. ஆனால் திட்டம் முடிந்து மூன்றே ஆண்டில், 2013-ல், பழங்குடிக் குழந்தைகள் சத்துக்குறைவால் இறந்த செய்தி நாடெங்கும் பரவியது. தடுப்பணைக்குப் பணம் இருந்ததற்காகத் தட்டில் சோறு இருந்தது என்று ஆகிவிடாது.

2018 கேரள வெள்ளத்தின்போது ஐக்கிய அரபு அமீரகத்தின் உதவியை ஏன் வாங்கவில்லை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பேரிடர் நிவாரணத்துக்கு வெளிநாட்டு அரசுகளிடம் கைநீட்டுவதில்லை என்பது 2004 ஆழிப்பேரலைக் காலத்திலிருந்து மத்திய அரசு பின்பற்றும் வழக்கம். மறுகட்டுமானத்துக்குக் கடன் வாங்கத் தடையில்லை; 2019-ல் உலக வங்கியிடம் 25 கோடி டாலர் கடன் வந்தது. இலவசத்தை மறுத்துவிட்டுக் கடனை வாங்கிய கதை எனக்கு இன்னும் செரிக்கவில்லை. இந்தியா இன்று கொடுக்கும் நாடும்கூட. போருக்குப் பின் இலங்கைத் தமிழருக்கு 50,000 வீடுகள் கட்டிக் கொடுத்தது இந்தியப் பணம்.

கடைசியாக, கைப்பேசிக்கு வரும் செய்தி. ‘வெளிநாட்டு உதவித்தொகை உங்கள் கணக்குக்கு வரும், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்’ என்றால் நம்பாதீர்கள். அரசுகளுக்கு இடையிலான உதவி தனிமனிதர் கணக்குக்கு இப்படி வருவதில்லை. தொண்டு நிறுவனம் வெளிநாட்டு நன்கொடை வாங்க வேண்டுமானால் 2010-ம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்தின்படி பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் இறங்க வேண்டும். உங்கள் ஊர்க் குழாயோ தடுப்பணையோ யார் பணத்தில் வந்தது, கடனா மானியமா என்று தெரிய வேண்டுமானால், அதைக் கட்டிய துறைக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை.