அசைய மறுக்கும் போல்ட்

பழைய அம்பாசிடரைப் புதுப்பிக்க இறங்குபவர்கள் பெயின்ட்டுக்கும் சீட்டுத் துணிக்கும்தான் முதலில் கணக்குப் போடுவார்கள். வேலை முடங்கி நிற்பதோ பெரும்பாலும் சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு நட்டில். வண்டி பல வருடங்களாக நீலகிரியில் ஒரு தகரக் கொட்டகையில் கிடந்தது என்றால், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டோடு புகைக்குழாயைப் பிணைக்கும் மேனிஃபோல்டு நட்டுகள் எளிதில் கழலும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. இடையில் மூடுபனி. கடற்கரைபோல் உப்புக்காற்று இல்லையே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. எஞ்சின் என்பது கனத்த வார்ப்பிரும்பு. இரவில் குளிர்ந்துபோன அந்த இரும்பு, காலை வெயில் வந்த பிறகும் சுற்றியிருக்கும் காற்றைவிட மெதுவாகத்தான் சூடேறும். ஈரக்காற்று அதன்மேல் பட்டதும் நீராகப் படிகிறது. ஒரு சொட்டு மழை படாத எஞ்சின்கூட இப்படி வியர்க்கும், மதியம் காயும், மறுநாள் மறுபடி நனையும். துருவுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை.

மரைகளுக்கு இடையே உள்ள நூலிழை இடைவெளிக்குள் நீர் புகுந்துவிட்டால் வெளியேறாது. அங்கே ஆக்சிஜன் குறைவு, வெளியே அதிகம். இந்த வேறுபாடே ஒரு சிறிய மின்கலத்தை உண்டாக்கி, ஆக்சிஜன் குறைந்த உட்பக்கத்து இரும்பை அரிக்கிறது. அரிபட்ட இரும்பு துருவாக மாறும்போது, எந்த வகைத் துரு என்பதைப் பொறுத்து, முன்பிருந்ததைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். மரைக்குள் அவ்வளவு இடம் ஏது? துரு நெருக்கிக்கொண்டு நட்டையும், அது பூட்டியிருக்கும் தலையில்லாத போல்ட்டான ஸ்டட்டையும் எதிரெதிராக அழுத்துகிறது. இறுக்கியவர் தந்த பிடி ஒன்று, துரு தந்த பிடி இன்னொன்று.

ஸ்பேனரில் ஒரு நீளமான பைப்பைச் செருகி முழுப் பலத்தையும் போட்டுத் திருப்புவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. கணக்குப் பார்த்தால் இது எவ்வளவு ஆபத்து என்று தெரியும். 10 மி.மீ. விட்டமுள்ள, 8.8 என்ற வலிமைத் தரத்துப் போல்ட்டை இறுக்க ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 20 கிலோ எடையை வைத்து அழுத்தினாலே கிட்டத்தட்ட 200 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். துரு பிடித்துக்கொண்டிருக்கும் அடிப்பகுதி அசையாது. நட்டு இருக்கும் மேல்பகுதி மட்டும் திரும்பும். நடுவே இருக்கும் எஃகு ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். மீதி ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

அதற்கும் முன்பாகவே நட்டின் முனைகள் உருண்டுபோவதும் உண்டு. அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின் பிரிட்டிஷ் வம்சம். அதன் மரைகள் அங்குலக் கணக்கு. அரை அங்குல ஸ்பேனர் பிடிக்கும் நட்டின் அகலம் 12.7 மி.மீ. பெட்டியில் கிடக்கும் 13 ஸ்பேனர் அதில் பொருந்தியதுபோலத்தான் தோன்றும். ஆனால் அந்த 0.3 மி.மீ. இடைவெளியால் விசை முழுவதும் ஆறு மூலைகளில் குவிந்து அவற்றை மழுங்கடித்துவிடும். சரியான அளவில் ஆறுமுக பாக்ஸ் ஸ்பேனர் வாங்குவது இந்த வேலையில் மிகச் சிக்கனமான செலவு.

உடைக்க வேண்டியது துருவை, போல்ட்டை அல்ல. எண்ணெய், சூடு, அதிர்வு மூன்றுமே அந்த ஒரே காரியத்துக்குத்தான்.

எண்ணெய் மரைக்குள் ஏறுவது நுண்புழைக் கவர்ச்சியால். குறுகிய இடைவெளியில் திரவம் முன்னேறும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளர்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் 2 மி.மீ. போனால், 4 மி.மீ. போக மொத்தம் நான்கு மணி நேரம் வேண்டும். அடித்தவுடன் ஸ்பேனரை எடுப்பதில் பயனில்லை. இரவு முழுக்க ஊற விடுவதற்குக் காரணம் இதுதான். எஞ்சின் ஆயில் இதற்கு உதவாது, கெட்டி. டீசலோ, மண்ணெண்ணெய் கலந்த மெல்லிய எண்ணெயோ உள்ளே போகும். நீலகிரியில்தான் தைலத்துக்குப் பஞ்சமில்லையே, அதை ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய பிசுக்கைக் கரைக்கும்தான். ஆனால் ஆவியாகிவிடும், வழுக்கலுக்கு எதுவும் மிஞ்சாது. உறைபனி விழும் ஜனவரியில் ஊட்டியில் எந்த எண்ணெயும் கெட்டிப்படும் என்பதால் இரும்பை இளஞ்சூடாக்கிவிட்டு ஊற்றுவது நல்லது.

மூன்றில் எனக்கு அதிக நம்பிக்கை சூட்டின்மீதுதான். கேஸ் வெல்டிங் சுடரை நட்டின்மேல் மட்டும் காட்டி, அதை ஸ்டட்டைவிட 200 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினோம் என்று வையுங்கள். 8 மி.மீ. துளை சுமார் 0.02 மி.மீ. விரியும். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அவ்வளவும் போதும். துரு நொறுங்கும் பொருள். எஃகைப்போல வளைந்து கொடுக்காது. இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் நகர்ந்தால் நடுவில் மாட்டிய துரு விரிசல் விடும். ஆறும்போது, நட்டு இன்னும் கை பொறுக்காத சூட்டில் இருக்கையிலேயே, மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் தொட்டால் மெழுகு சட்டென உருகி அந்த விரிசல்களுக்குள் இழுபட்டு மறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது. வார்ப்பிரும்பு ஹெட்டே வெடித்துவிடும். கார்புரேட்டரையும் பெட்ரோல் குழாயையும் கழற்றி அப்புறப்படுத்தாமல் சுடரைப் பற்றவைக்கவும் கூடாது.

பிறகு சுத்தியல். நட்டின் பக்கவாட்டில் எதிரே ஒரு கனத்த இரும்பைத் தாங்கலாக வைத்து, சின்னச் சின்னதாகப் பல அடிகள். ஸ்பேனரைப் போட்டதும் மேஸ்திரி உதவியாளனிடம், "முதலில் கொஞ்சம் இறுக்கு" என்பார்.

"கழற்றத்தானே அண்ணே வந்தோம்?"

"எந்தப் பக்கம் அசைந்தால் என்ன, அசையட்டும்."

அவர் சொல்வது சரி. துரு எந்தத் திசையில் வெட்டுப்பட்டாலும் உடையும். ஒருமுறை அசைந்துவிட்டால் கால் சுற்றுக் கழற்றி, சற்றுத் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடியும் கழற்ற வேண்டும். உதிர்ந்த துருப்பொடி வெளியேற வழியில்லாமல் ஒரே மூச்சில் திருப்பினால் பொடியே ஆப்பாக மாறி மறுபடி இறுகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் அறுந்துபோனால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின்மேல் புது நட்டு ஒன்றை வைத்து வெல்டிங் செய்வது சிறந்த வழி. பிடிக்கத் தலையும் கிடைக்கும், வெல்டிங் சூடு துருவையும் தளர்த்தும். துளையிட்டுச் செருகித் திருப்பும் கருவிகள் கடினமானவை, எளிதில் முறிபவை. உள்ளே முறிந்தால் டிரில் பிட்டால்கூட அதைத் தொட முடியாது.

திரும்பப் பூட்டும்போது மேனிஃபோல்டில் பித்தளை நட்டுகளைப் போடலாம். அவை எஃகோடு துருவால் ஒட்டிக்கொள்வதில்லை. மரையில் செம்புப் பசை தடவுவதும் வழக்கம். தடவினால் இறுக்கும் அளவைக் குறைக்க வேண்டும். உலர்ந்த மரையில் நாம் தரும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே செலவாகிறது. ஒரு பங்குதான் பிடிப்பாக மாறுகிறது. உராய்வு குறைந்ததும் அந்த ஒரு பங்கு பெருகும். பழைய கணக்கிலேயே இறுக்கினால் புது ஸ்டட் இழுபட்டு நீண்டுவிடும்.