மாறாத கட்டடம் மட்டும்தான் வரலாற்றுச் சின்னமா?

அமெரிக்காவில் மரபுக் கட்டடப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றும் நான், எந்தத் தெருவை ஆய்வு செய்யச் சென்றாலும், ஒவ்வொரு கட்டடமும் தன் பழைய வடிவத்தை எவ்வளவு காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று குறித்தாக வேண்டும். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய வரலாற்று இடங்களின் பதிவேடு இதை இருப்பிடம், வடிவமைப்பு, சூழல், கட்டுமானப் பொருள், வேலைப்பாடு, உணர்வு, தொடர்பு என்னும் ஏழு கூறுகளால் அளக்கிறது. பார்வைக்கு நடுநிலையான இந்த அளவுகோல், நடைமுறையில் கறுப்பின மக்களின் குடியிருப்புகளைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

காரணம் கட்டடங்களில் இல்லை. 1934இல் தொடங்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. கடன் கிடைக்காத குடும்பங்கள் உளுத்த மரச் சுவரின்மேல் மலிவான தகடுகளை அடித்தும், கைக்கு எட்டிய விலையில் சன்னல்களை மாற்றியும் காலம் தள்ளின. 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் வழி வந்த நகரச் சீரமைப்பும் அதன்பின் வந்த நெடுஞ்சாலைகளும் எஞ்சிய தெருக்கள் பலவற்றை அழித்தன. அப்படி மாறிப்போன வீட்டை, அது மாறிவிட்டது என்பதையே காட்டி இன்று நிராகரிப்பது, அதே குடும்பத்துக்கு இரண்டாம் முறை இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் உள்ள வீக்ஸ்வில் இதற்குத் தக்க சான்று. நியூயார்க்கில் அடிமைமுறை ஒழிந்து 11 ஆண்டுகளுக்குப் பின், 1838இல் ஜேம்ஸ் வீக்ஸ் என்ற கறுப்பினத்தவர் வாங்கிய நிலத்தைச் சுற்றி வளர்ந்த அந்தச் சிற்றூர், காலப்போக்கில் நகரத்துக்குள் கரைந்து மறக்கப்பட்டது. 1968இல் ஜேம்ஸ் ஹர்லி என்ற ஆய்வாளரும் ஜோசப் ஹெய்ன்ஸ் என்ற விமானியும் வானிலிருந்து தேடியபோதுதான், தெருக்களின் ஒழுங்குக்கு அடங்காமல் பழைய ஹண்டர்ஃப்ளை சாலையை ஒட்டிச் சாய்ந்து நின்ற சில மரவீடுகள் கண்ணில் பட்டன. 1970இல் அவை நகரச் சின்னங்களாயின. எளிய வீடுகள்தாம், அலங்கார வேலைப்பாட்டை மட்டும் தேடும் கண்ணுக்கு அவற்றில் எதுவும் தெரிந்திராது.

சிகாகோவில் எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவன் தன் தாயுடன் வாழ்ந்த செங்கல் வீடும் அத்தகையதே. 1955இல், 14 வயதில், அங்கிருந்து மிசிசிப்பிக்குச் சென்ற அவன் வெள்ளை இனவெறியர்களால் கொல்லப்பட்டான். அந்த வீட்டை நகரம் சின்னமாக அறிவித்தது 2021இல்தான்.

ஆகவே, தங்கள் பகுதிக்காக விண்ணப்பிப்போரிடம் நான் முதலில் சொல்வது, கட்டடக்கலைச் சிறப்பை மட்டும் நம்பாமல் அங்கு வாழ்ந்த மனிதர்களையும் நடந்த நிகழ்வுகளையும் முன்வைத்து எழுதுங்கள் என்பதே. பதிவேட்டின் விதிகள் அதற்கு இடம் தருகின்றன. தேசியப் பதிவேட்டில் இடம் பெறுவது மட்டும் தனியார் தம் சொந்தப் பணத்தில் கட்டடத்தை இடிப்பதைத் தடுக்காது என்பதால், நகரச் சின்னம் என்ற உள்ளூர் அறிவிப்பையும் சேர்த்தே கோருங்கள். தேவாலயப் பதிவேடுகள், பழைய காப்பீட்டு வரைபடங்கள், நியூயார்க் எனில் 1940ஐ ஒட்டி வரித்துறை எடுத்த வீட்டு ஒளிப்படங்கள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். அவற்றுக்கும் முன்பாக, தெருவின் மூத்தவர்களிடம் அமர்ந்து அவர்களுடைய நினைவுகளைப் பதிவுசெய்யுங்கள். ஆவணங்கள் காத்திருக்கும், அவர்களால் காத்திருக்க இயலாது.