சூடான சில்லு கடலைக் குடிக்கும்

குருநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணை, போட் ஏத்துற ட்ரெயிலரில மூண்டு மாதத்துக்கு ஒருக்கால் பெயாரிங் போகுது. கிரீஸ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறன். வெளிக்கிடேக்க தேசிக்காயும் நசிக்கிறம். ஆற்றையேனும் நாவூறோ?"

தேசிக்காயை முதலில் முடித்துவிடுவோம். அதனால் கெடுதி எதுவும் இல்லை, தேசிக்காய் விலையைத் தவிர. ஆனால் அதை வைக்க எப்படியும் குனிகிறீர்கள். குனிந்த கையோடு ஒரு ஜக் போட்டு, சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங் தேய்ந்துவிட்டது. சுற்றிவிடும்போது கரகரவென்று சத்தம் வந்தால் துரு. நாவூறைவிட இந்த இரண்டையும் நான் கூடுதலாக நம்புகிறேன்.

மாட்டு வண்டிச் சில்லின் நடுவில் இருக்கும் குண்டான பாகத்தைக் குடம் என்போம். ட்ரெயிலர் சில்லுக்கும் ஒரு குடம் உண்டு. இரும்பாலான இந்தக் குடத்துக்குள் சில்லைச் சுழலவிடும் உருளைகள் கொண்ட இரண்டு பெயாரிங்குகள், கொஞ்சம் கிரீஸ், மிச்ச இடத்தில் காற்று. பின்பக்கம் ஒரு ரப்பர் வளையம், முன்பக்கம் ஒரு தகர மூடி. கிரீஸ் வெளியே வழியாமல் இருக்கத்தான் அந்த ரப்பர் வளையம். கடலோடு சண்டை பிடிக்க அதைச் செய்யவில்லை.

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 30 கிலோமீற்றருக்கு மேல். அவ்வளவு தூரம் படகைச் சுமந்து ஓடிவந்த சில்லின் குடம் சூடாகியிருக்கும். 70 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருந்த காற்று சூட்டில் விரிந்து, ரப்பர் வளையத்தின் விளிம்பால் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறியிருக்கும். குடம் ஒரு நீண்ட மூச்சை விட்டுவிட்டு வந்து நிற்கிறது.

இப்போது பின்னுக்கு எடுத்து ட்ரெயிலரைக் கடலில் இறக்குகிறீர்கள். கடல்நீர் ஏறத்தாழ 28 பாகை. குடம் சட்டென்று குளிர்கிறது, உள்ளே எஞ்சிய காற்றும் குளிர்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: கனவளவு மாறாவிட்டால் வாயுவின் அமுக்கம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதம். 70 பாகை என்பது 343 கெல்வின், 28 பாகை என்பது 301. ஒன்றை மற்றதால் வகுத்தால் 0.88. அதாவது உள்ளமுக்கம் நூற்றுக்கு 12 பங்கு விழுந்துவிடுகிறது.

12 பங்கு என்றால் சொற்பம்போலத்தான் தெரியும். ஒரு வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 10 மீற்றர் உயர நீரைத் தாங்கும். அதில் 12 பங்கு, 1.2 மீற்றர். குடம் நிற்பதோ அரை மீற்றர் ஆழத்தில். கடல் வெளியிலிருந்து தள்ளுவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலான விசையோடு குடம் உள்ளிருந்து உறிஞ்சுகிறது! கடல் புகுந்தது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் விட்ட மூச்சைத் திரும்ப இழுத்தது குடம்தான், காற்றுக்குப் பதில் அதன் வாய்க்கு உப்புத்தண்ணீர் அகப்பட்டது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு இரவுச் சாப்பாடு ஆறிப்போனது.

உள்ளே போன உப்புநீர் கிரீஸோடு கலந்து பால்தேத்தண்ணி நிறத்துக்கு வரும். என் மாமாவின் ட்ரெயிலர் குடத்தைக் கழற்றியபோது அந்த நிறத்தைக் கண்டிருக்கிறேன். ட்ரெயிலர் சும்மா நிற்கும் நாட்களில்தான் சேதம் கூட. உருளைகள் அசையாமல் கிடக்கும் இடங்களில் துரு புள்ளி புள்ளியாக அரிக்கும், அடுத்த ஓட்டத்தில் அந்தப் புள்ளிகள் உடைந்து குழியாகும்.

நம் கரைகளுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. நீரேரிப் பக்கம் ஆழம் இல்லை. படகு மிதக்கும்வரை ட்ரெயிலரை உள்ளே உள்ளே தள்ள வேண்டும், குடம் முழுதாக மூழ்கிவிடும்.

மருந்து பெரிதில்லை. கரைக்கு வந்ததும் 20 நிமிடம் பொறுங்கள், ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். குடத்தைத் தொட்டால் கை சுடக்கூடாது, அப்புறம் இறக்குங்கள். கிரீஸை நிறைய அடைத்து, ஸ்பிரிங் வைத்த மூடி போட்டால் இன்னும் நல்லது. அந்த ஸ்பிரிங் உள்ளே 3 பிஎஸ்ஐ (ரயருக்குக் காற்றடிக்கும்போது பார்க்கும் அதே அலகு) அளவில் அமுக்கம் வைத்திருக்கும். நாம் கணக்கிட்ட உறிஞ்சல் 2 பிஎஸ்ஐகூட வராது. திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கரையோரக் கிணறுகளில் பாதி உவர், அதால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதுதான்.

அவர் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின், எண்ணெய்க் கான், வலை எல்லாவற்றையும் படகின் பின்பக்கத்தில் குவித்துக்கொண்டு ஓடுகிறார்கள். 25 குதிரைவலு எஞ்சின் மட்டுமே 50 கிலோ அளவு. பாரம் அச்சுக்குப் பின்னால் போனால், ட்ரெயிலரை வாகனத்தோடு கொளுவும் கொழுக்கி மேலே எழும்பப் பார்க்கும், இழுக்கும் வாகனத்தின் பின்சில்லுகள் பிடி தளரும், ட்ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ரயர்கள்தான், ஆனால் வேகம் ஏற ஏற அவற்றின் அடக்கும் திறன் குறையும். நீரேரிக்கு நடுவே திறந்து கிடக்கும் பண்ணைப் பாதையில் காற்றும் சேர்ந்துகொண்டால் சொல்லத் தேவையில்லை. வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று யாராவது சொன்னால் அவரோடு பயணம் போகாதீர்கள். காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேரே பிடியுங்கள், பிரேக்கைச் சட்டென்று மிதிக்காதீர்கள்.

பட்டறைகளில் ஒட்டும் ட்ரெயிலர்களில் அச்சு எந்த இடத்தில் வர வேண்டும் என்பதைக் கண்பார்வையால் முடிவு செய்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் நமக்கொரு பொறியியல் பீடம் இருக்கிறது. ஒரு இறுதியாண்டு மாணவருக்கு ஒரு தராசும் பெற்றோல் காசும் கொடுத்தால் இதை அளந்து தந்துவிடுவார். இப்படியான சின்ன ஆய்வுக்குத்தான் யாரும் நிதி ஒதுக்குவதில்லை.

அதுவரை தம்பி, நெல்மூட்டை நிறுக்கும் தராசைச் சமதரையில் கொழுக்கிக்குக் கீழே வையுங்கள். படகும் ட்ரெயிலருமாக 600 கிலோ என்றால் தராசு 40 கிலோவுக்கும் 60 கிலோவுக்கும் இடையில் காட்ட வேண்டும். குறைந்தால் எண்ணெய்க் கானை அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், நகர்த்திவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள்.