பெல்லி டான்ஸ்: வயிறா, இடையா, நாடா?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் போன வாரம் ஒரு நோட்டீஸ் அனுப்பியிருந்தாள். அவள் இருக்கும் ஊரில் பெல்லி டான்ஸ் பழகுகிறவர்கள் சேர்ந்து ஒரு நாள் விழா நடத்துகிறார்களாம். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் அழைப்புப் போக வேண்டும். "அத்தை, 'வயிற்று நடனம்'னு போட்டா சரியா வருமா? படிச்சா எனக்கே என்னமோ மாதிரி இருக்கு" என்றாள்.

அவளுக்குத் தோன்றியது சரிதான். ஆட்டம் அரபு நாட்டது என்றாலும் 'பெல்லி டான்ஸ்' அங்கே பிறந்த பெயர் அல்ல. பிரெஞ்சில் 'தான்ஸ் து வான்த்ர்' என்று வழங்கியதை ஆங்கிலத்தில் அப்படியே பெயர்த்தார்கள். 'வான்த்ர்' என்றால் வயிறு. 1889இல் பாரிஸ் பொருட்காட்சியில் கெய்ரோத் தெரு ஒன்றையே செட் போட்டு, அதில் ஆடவைத்துக் காட்டினார்கள். 1893இல் அதே வேடிக்கை சிகாகோவுக்குப் போயிற்று. ஆமாம், விவேகானந்தர் பேசிய சர்வசமய மாநாடு நடந்ததும் அந்தப் பொருட்காட்சியை ஒட்டித்தான். அங்கே கேளிக்கைப் பகுதியை நிர்வகித்த சோல் புளூம் பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார்: பெயரின் நேர்ப்பொருள் தெரிந்ததுமே, இது ஆபாசமாகத்தான் இருக்கும் என்று ஜனங்கள் சந்தோஷமாக முடிவு கட்டிக்கொண்டார்களாம். நம் பத்திரிகைகளில் வரும் 'கவர்ச்சி நடனம்', 'குலுக்கு டான்ஸ்' எல்லாம் அந்த முடிவின் வால்தான். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

எகிப்தில் இதை என்ன சொல்கிறார்கள்? 'ரக்ஸ்' என்றால் ஆட்டம். வீட்டு விசேஷத்திலும் கல்யாணத்திலும் ஆடுவது 'ரக்ஸ் பலதி'. மேடைக்கு வந்தது 'ரக்ஸ் ஷர்கி'. கெய்ரோவில் 1926இல் பதியா மசாப்னி தொடங்கிய அரங்கில் இந்த மேடை வடிவம் வளர்ந்தது. தஹியா கரியோக்கா, சாமியா கமால் என்ற பேர்போன ஆட்டக்காரிகள் இருவரும் அங்கிருந்து எழுந்தவர்கள்.

'பலதி' என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. 'பலத்' என்றால் ஊர், நாடு. பலதி என்றால் நாட்டு. அங்கே தவிடு கலந்த மாவில் சுடுகிற அன்றாட ரொட்டி 'ஐஷ் பலதி'. நாட்டுக்கோழி 'ஃபிராக் பலதி'. நான் இருப்பது பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில். இங்கே ஒரு கறிக்கடைப் பலகையில் மலையாளத்தில் 'நாடன் கோழி', அதன் கீழேயே தமிழில் 'நாட்டுக்கோழி'. பலதி என்பதற்கு அகராதியே வேண்டாம், அந்தப் பலகை போதும். நம் மண்ணுது, நம்ம வீட்டுது என்ற உரிமை அந்தச் சொல்லில் இருக்கிறது.

அப்படியானால் 'நாட்டாட்டம்' என்று போடலாமா? போட்டால் நம் ஊர் ஆட்டம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'ஷர்கி' என்றால் கிழக்கத்தி. 'கிழக்கத்தி ஆட்டம்' என்று எங்கள் ஊரில் சொன்னால் பொள்ளாச்சியிலிருந்து யாரோ ஆட வருகிறார்கள் என்பார்கள். கிழக்கு என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது.

மிஞ்சுவது அசைவு. தோள் அசங்காமல் நிற்க, இடை மட்டும் எட்டுப் போடுகிறது. கட்டைவிரலிலும் நடுவிரலிலும் மாட்டிய சின்னப் பித்தளைத் தாளங்கள் கணீரென்று அதற்குப் பதில் சொல்கின்றன. அரபியில் அவை 'சாகாத்'. நம் பஜனைத் தாளத்தைச் சின்னதாகச் செய்து விரலில் மாட்டினது போல இருக்கும். கூட வாசிக்கிற கொட்டுக்கு எகிப்தில் 'தப்லா' என்று பெயர். நம் தபேலாவும் அதே அரபு வேரில் வந்த சொல்தான், கருவிதான் வேறு. இந்த ஆட்டத்தில் வேலை செய்வது பெரும்பாலும் இடை. உடம்பின் நடுவில் இருப்பதால்தான் அதற்கு இடை என்று பெயர்.

கரகாட்டம், ஒயிலாட்டம், இந்தப் பக்கம் மோகினியாட்டம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு 'இடையாட்டம்' என்பதுதான் முதலில் இனித்தது. ஆனால் சோழர் கல்வெட்டுகளில் 'திருவிடையாட்டம்' என்று ஒரு சொல் வருகிறது. அது பெருமாள் கோயிலுக்கு விட்ட நிலம். ஆட்டத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வேறு பொருளில் வழங்கிய சொல்லை எடுத்துக் குழப்ப வேண்டாம் என்று 'இடை நடனம்' என்றே எழுதச் சொன்னேன். அடைப்புக்குள் 'ரக்ஸ் ஷர்கி' என்றும் போடச் சொன்னேன், அதுதான் அதன் சொந்த ஊர்ப் பெயர்.

விழாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'ஹஃப்லா'. அரபியில் விருந்து, கொண்டாட்டம், நாலு பேர் கூடுகிற சந்தோஷம். இதற்குத் 'திருவிழா' கனமாகிவிடும், 'கூடல்' பொருந்தும். அவள் எழுதியிருந்த 'அனைத்து நிலைக் கலைஞர்களும் வரவேற்கப்படுகிறார்கள்' என்ற வரியை மட்டும் நான் அடித்துவிட்டேன். எங்கள் பக்கம் வள்ளி கும்மியில் முதல் நாள் வந்த சிறுமியும் பாட்டி வயதுக்காரரும் ஒரே வட்டத்தில்தான் அடி வைப்பார்கள். யாரும் நிலை கேட்பதில்லை. அதை நினைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன்:

"இடை நடனக் கூடல். ஆடத் தெரிந்தவர்களும் வாங்க, ஆடப் பழகுகிறவர்களும் வாங்க."