கையளிப்பு: ‘ஹேண்ட் ஓவர்’ என்பதற்குரிய தமிழ்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வைத்தியசாலை விடுதியொன்றில் நோயாளிக்குத் துணையாக ஓரிரவு தங்கியவர்கள் ‘ஹேண்ட் ஓவர்’ என்ற சொல்லைக் கேட்டிருக்கக்கூடும். கடமை முடிந்து செல்லும் உள்ளகப் பயிற்சி வைத்தியர், அடுத்துக் கடமைக்கு வருபவரிடம் தம் நோயாளர்களின் நிலையை எடுத்துக்கூறி, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவரிடம் கொடுப்பதையே அச்சொல் குறிக்கிறது. தகவல் சொல்வது இதில் ஒரு பாதிதான்; பொறுப்பு மாறுவது மறுபாதி.

பிரித்தானிய வழக்கில் ‘ஹேண்ட் ஓவர்’ எனப்படுவதை அமெரிக்கர்கள் ‘ஹேண்ட் ஓஃப்’ என்றும் ‘சைன் அவுட்’ என்றும் சொல்வார்கள். மூன்றும் கொடுத்துவிட்டுப் போகிறவரின் பக்கம் நின்று பிறந்த சொற்கள். வாங்குகிறவர் அவற்றுள் எங்கும் தென்படவில்லை.

தமிழில் முதலில் நினைவுக்கு வருவது ‘ஒப்படைப்பு’. பொருள் பொருந்துகிறது, ஆனால் இலங்கைப் பாடசாலைகளில் ‘ஒப்படை’ என்றால் மாணவர் செய்து கொடுக்கும் பயிற்சி வேலை என்றே பதிந்துவிட்டது. ‘கைமாற்று’ என்பது வட்டியில்லாமல் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் சிறு கடன். ஆகவே ‘கையளிப்பு’ என்பதே தகும் என்பது என் முடிபு. மகஜர் கையளிப்பு, வீட்டுத் திறப்புக் கையளிப்பு என நம் செய்தித்தாள்களில் அச்சொல் நாள்தோறும் வருவதால், எவருக்கும் விளக்கம் சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

இச்சொல்லின் உள்ளே இன்னொரு நயமும் உண்டு. ‘அளித்தல்’ என்பதற்குக் கொடுத்தல் என்பதோடு காத்தல் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. ‘அளி’ என்றால் அருள், பரிவு. கொடுப்பதும் காப்பதும் ஒரே வேரில் நிற்கும் சொல்லை இப்பணிக்கு வைத்துக்கொள்வது தற்செயலான பொருத்தமாக எனக்குப் படவில்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு காணும் கிழக்கு மண்ணில், சிலப்பதிகாரத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவித்த கதையை அறியாதவர் குறைவு. அங்கே அடிகள் ‘இவளைப் பார்த்துக்கொள்’ என்று மட்டும் சொல்லி அகலவில்லை. அவள் எத்தகைய குடியில் பிறந்தவள், வழியில் பட்ட துன்பம் என்ன, இனி அவளுக்குத் தாயாக நின்று என்னென்ன செய்யவேண்டும் என்பதையெல்லாம் எடுத்துரைத்தே கொடுக்கிறார். ‘அடைக்கலம்’ இன்று புகலிடம் என்ற பொருளுக்குப் போய்விட்டதால் அதைக் கலைச்சொல்லாக்க முடியாது. ஆனால் முறை அதுவே.

படுவான்கரையில் வயலுக்குப் போன ஒருவரைக் கண்ணாடி விரியன் தீண்டி, மாலையில் விடுதியில் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விஷமுறி மருந்து எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டது, 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையை 6 மணி நேரம் கழித்து மீண்டும் செய்யவேண்டும், அப்போதும் இரத்தம் உறையாவிட்டால் அடுத்துச் செய்யவேண்டியது என்ன, சிறுநீர் எவ்வளவு போகிறது என்பவையெல்லாம் இரவு வைத்தியரிடம் போய்ச் சேரவேண்டும். ‘பாம்புக்கடி, மருந்து கொடுத்தாயிற்று’ என்று சொல்வது கையளிப்பு ஆகாது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தை மருத்துவத்தில் பயிலும் வைத்தியர்களுக்கென வகுக்கப்பட்ட ‘ஐ-பாஸ்’ முறை இதனையே ஐந்து படிகளாக ஒழுங்குபடுத்துகிறது: நோயின் கடுமை, நோயாளி பற்றிய சுருக்கம், செய்யவேண்டியவை, எதிர்பாராதது நேர்ந்தால் செய்யவேண்டியது, இறுதியாகக் கேட்டவர் தாம் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்வது. 9 வைத்தியசாலைகளில், 10,740 நோயாளர் அனுமதிகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், இம்முறை வந்தபின் மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் 30 சதவீதமும் குறைந்திருந்தன. ஐந்தாவது படிக்குத் தமிழில் ஆயத்தமாகவே ஒரு சொல் இருக்கிறது: ‘கையேற்பு’. ஆங்கிலச் சொற்கள் விட்டுவிட்ட வாங்குகிறவரை அது உள்ளே கொண்டுவருவதால், இரண்டையும் இணைத்தே வழங்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முழுத்தொடராக எழுதும்போது ‘நோயாளர் பொறுப்புக் கையளிப்பு’ எனலாம். பேச்சில் ‘கையளிப்பு’ போதும். ஒருவரை வாகரையிலிருந்து மட்டக்களப்புக்கு அனுப்புவது இடமாற்றம். அவருடன் செல்லும் கடிதமும், அதை வாங்கிய வைத்தியர் கேட்டுத் தெளிந்துகொள்ளும் விபரங்களும் சேர்ந்ததே கையளிப்பு.