ஓரக்குறிப்பில் வெறும் ‘சுருதி’ என்று எழுதாதீர்கள்

பாலக்காடு, சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துப் பாட்டு வகுப்புகளில் ஒரே கீர்த்தனை தமிழ் நோட்டிலும் மலையாள நோட்டிலும் மாறி மாறிப் பிரதியாகும். ஸ்வரங்கள் பெரும்பாலும் தப்புவதில்லை. குழப்பம் ஓரக்குறிப்பில்தான். ‘இங்கே சுருதி ஏற்று’ என்று எழுதியிருந்தால் ஒரு பிள்ளை காந்தாரத்தை (‘க’ ஸ்வரத்தை) ஏற்றிப் பாடும்; இன்னொன்று சுருதிப்பெட்டியையே நாலிலிருந்து நாலரைக்குத் தள்ளிவிடும். இரண்டும் சரிதான். தம்புராவின் ஆதார ஒலியும் சுருதி, ஒரு ஸ்தாயியை, அதாவது ஸ முதல் மேல் ஸ வரையை, 22 நுண்ணிடைவெளிகளாக எண்ணுவதும் சுருதி!

ஆதார ஒலிக்குக் ‘கட்டை’ என்றே எழுதுங்கள். ரி1, க3 என ஸ்வரங்கள் நிற்கும் இடங்கள் எல்லாம் ‘ஸ்வரஸ்தானம்’. அந்த இடத்திலிருந்து மேலோ கீழோ நகர்வதை ‘விலகல்’ என்று குறித்து, ஸ்வர இடைவெளியை அளக்கும் அலகான சென்ட் கணக்கில் மட்டும் கொடுங்கள். ஸ்தாயிக்கு 1200 சென்ட், கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு ஸ்தானங்களுக்கு நடுவே 100. ‘கால் சுருதி கம்மி’ என்பதை அடியோடு விட்டுவிடலாம். 22 சுருதிக் கணக்கில் இடைவெளிகளே சமமில்லை. ஏறக்குறைய 22, 71, 90 சென்ட் என மூன்று அளவு. எதில் கால்?

சென்ட் போட்டாலும் எதிலிருந்து என்று சொல்லாவிட்டால் வீண். கீபோர்டில் அந்தர காந்தாரம் (க3) ஸ-விலிருந்து 400 சென்ட். தம்புராவோடு இழைகிற 5/4 விகிதத்தில் அது 386. ‘க3, –14’ என்று கண்டதும் கீபோர்டை அளவாக வைத்தவர் 386-க்கு வருவார். 386-ஐயே க3 என்று பழகியவர் இன்னும் இறங்கி 372-இல் நிற்பார், அது அபஸ்வரம். ஆகவே தாளின் தலையிலேயே ‘4 கட்டை, ஸ = 0, அளவு: 12 சமபாகம்’ (அதாவது கீபோர்டின் கணக்கு) என்று எழுதிவிடுங்கள். மியூஸ்ஸ்கோர் போன்ற இசைக்குறிப்பு மென்பொருளில் ட்யூனிங் பெட்டி கேட்பதும் விலகலைத்தான். அங்கே –14 இட வேண்டும், 386 அல்ல.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. தோடி ராகத்தின் க2 ஒரு புள்ளியில் நிற்பதே இல்லை, ரி1-க்கும் ம1-க்கும் நடுவே அசைகிறது. அதற்கு ஒற்றை சென்ட் எண் கொடுப்பது பாட்டைக் கெடுக்கிற காரியம். ‘க2: கம்பிதம், ரி1–ம1, இரண்டு அசைவு’ என்று அசைவின் பெயரையும் எல்லையையும் எண்ணிக்கையையும் எழுதினால் போதும். 1904-இல் எட்டயபுரத்திலிருந்து தெலுங்கில் வந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூல் கமகத்துக்கென்றே தனிக் குறிகளை வைத்தது. ஸ்வரக்குறி வேறு, கமகக்குறி வேறு என்ற அந்தப் பிரிப்பை நாமும் விடக்கூடாது.

இன்னொன்று, இருமொழி நோட்டு எழுதுபவர்களுக்கு. தார ஸ்தாயியைக் (மேல் ஸ்தாயியை) காட்ட ஸ்வர எழுத்தின் மேலே வைக்கும் புள்ளி தமிழில் மெய்ப்புள்ளியாகவே தெரியும். கணினியில் ‘ஸ்’ என்று அடித்து மலையாள எழுத்துக்கு மாற்றினால் அது மலையாளத்தின் மெய்க்குறியான சந்திரக்கலையாகிவிடும், ஸ்தாயிக்குறி காணாமல் போகும். ஸ', ரி' என்று மேற்கோடு இட்டு, அதன் பொருளையும் தலைவரியில் சேர்த்துவிடுங்கள்.