மருந்து உருமாற்றம்

உடல் எடையைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘எனக்கு மெட்டபாலிசம் கம்மி’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். அதே சொல் மருந்தியலில் வரும்போது குறிப்பது வேறு. விழுங்கிய மாத்திரையை உடல், முக்கியமாகக் கல்லீரல், வேறொரு வேதிப்பொருளாக மாற்றிவிடுவதை அங்கே மெட்டபாலிசம் என்கிறார்கள். இதற்குத் தமிழில் எதைச் சொல்வது?

முதலில் வேரைப் பார்ப்போம். கிரேக்கத்தில் ‘மெட்டபொலே’ என்றால் மாற்றம். அதற்குள் ‘எறிதல்’ என்ற பொருளுள்ள வினை இருக்கிறது. ஜெர்மானிய உயிரியலாளர் தியோடர் ஷ்வான் 1839இல் உயிரணுக்களுக்குள் நடக்கும் வேதிமாற்றங்களைச் சொல்ல இதிலிருந்து ஓர் உரிச்சொல்லை எடுத்தாண்டார். பிறகு அது ஆங்கிலத்துக்கும் வந்தது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை ‘வளர்சிதைமாற்றம்’ என்கின்றன. இலங்கைத் தமிழர் பாடநூல்களில் ‘அனுசேபம்’. அனுசேபத்தில் உள்ள ‘சேபம்’ வடமொழி க்ஷேபம்தான், ‘ஆட்சேபம்’ என்பதில் வருகிற அதே சொல். அதற்கும் எறிதல் என்றுதான் பொருள்! கிரேக்க வேரை இவ்வளவு ஒட்டி அமைந்திருப்பதைக் கவனித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனாலும் படிப்பவருக்குப் பொருளைச் சட்டென்று காட்டுவது வளர்சிதைமாற்றமே. சோறு உடலாக வளர்கிறது, சிதைந்து ஆற்றலாகிறது. உணவுக்கு இதைவிட நல்ல சொல் வேண்டாம்.

சிக்கல் மருந்தில் வருகிறது. மாத்திரை தசையாகவோ எலும்பாகவோ வளர்வதில்லை. சரி, சிதையவாவது செய்கிறதா? எல்லா நேரமும் அப்படி இல்லை. இதைத் தெளிவாகக் காட்டுவது உயிர்வேதியியலாளர் ரிச்சர்ட் டெக்வின் வில்லியம்ஸின் ஆராய்ச்சி வாழ்க்கை.

1909இல் வேல்ஸில் பிறந்தவர் வில்லியம்ஸ். கார்டிஃபில் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது கற்பூரத்துக்கு நெருங்கிய உறவான போர்னியோல். அது உடலுக்குள் போனால் உடைவதில்லை. குளுகுரோனிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலத்தோடு சேர்ந்து, முன்பைவிடப் பெரிய மூலக்கூறாகி, நீரில் எளிதில் கரைந்து சிறுநீரில் வெளியேறுகிறது. சிதைவு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை, கூட்டுச் சேர்க்கைதான் இருக்கிறது. பர்மிங்காம், லிவர்பூல், 1949 முதல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவப் பள்ளி என்று இடங்கள் மாறினாலும், உடலுக்கு அயலான பொருள்கள் உள்ளே என்ன ஆகின்றன என்ற அந்த ஒரே கேள்வியோடுதான் அவர் கடைசிவரை இருந்தார். கல்லீரல் முதலில் மூலக்கூறில் ஒரு பிடிமானத்தை உண்டாக்குகிறது, அப்புறம் அந்தப் பிடியில் இன்னொரு பொருளைக் கோக்கிறது என்ற இருகட்ட விளக்கம் அவர் தந்ததே. முதல் கட்டத்தில் பெரும்பங்கு வகிக்கும் நொதிக்குடும்பத்துக்குச் சைட்டோகுரோம் பி450 என்று பெயர். கார்பன் மோனாக்சைடோடு சேரும்போது 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதால், ஜப்பானியர்களான ஒமுராவும் சாட்டோவும் 1960களின் தொடக்கத்தில் இட்ட பெயர் அது.

1947இல் வில்லியம்ஸ் எழுதிய புகழ்பெற்ற நூலின் தலைப்பில் ‘நச்சுநீக்கம்’ என்றுதான் இருந்தது. அந்தத் துறைக்கு அன்றிருந்த பெயர் அதுதான். தமிழிலும் சிலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. கல்லீரல் தொடுவதெல்லாம் நஞ்சு நீங்கிப்போவதில்லை. பாராசிட்டமாலில் ஒரு சிறுபகுதி கல்லீரலிலேயே நச்சுப்பொருளாக மாறுகிறது. வழக்கமான அளவில், உடலிலேயே உள்ள குளூட்டாதயோன் என்ற பொருள் அதை அடக்கிவிடும். அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்து கல்லீரலே கெடும். கோடீன் என்ற வலிமருந்தின் கதை நேர்மாறு. அதன் ஒரு பகுதி மார்ஃபினாக மாறிய பிறகுதான் வலி சரியாகத் தணிகிறது. ஒன்றில் மாற்றம் நஞ்சைத் தருகிறது, மற்றதில் மருந்தையே தருகிறது.

இந்த மாற்றம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதும் செயின்ட் மேரீஸில் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே பணியாற்றிய ராபர்ட் ஸ்மித் 1975இல், ஓர் ஆய்வுக்காக டெப்ரிசோகுயின் என்ற இரத்த அழுத்த மருந்தைச் சக ஆய்வாளர்களோடு தானும் விழுங்கினார். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு மட்டும் அழுத்தம் அபாயமாக இறங்கியது. அவர் உடல் அந்த மருந்தை ஏறக்குறைய மாற்றவே இல்லை என்பதும், இது பரம்பரையாக வருவது என்பதும் பின்னர் தெரிந்தன. 1977இல் அந்த ஆய்வு வெளிவந்தது. டெப்ரிசோகுயினை மாற்றும் நொதிதான் கோடீனையும் மார்ஃபினாக்குகிறது. ஆகவே இப்படிப்பட்டவர்களுக்குக் கோடீன் சரியாக வேலை செய்யாது.

வளர்வதையும் சொல்லாமல், சிதைவதையும் சொல்லாமல், நஞ்சு போயிற்று என்று முன்கூட்டித் தீர்ப்பும் எழுதாமல், உரு மாறியது என்பதை மட்டும் சொல்லும் சொல் வேண்டும். ‘மருந்து மாற்றம்’ என்றால் வைத்தியர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்ததாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். அதனால் மருந்து உருமாற்றம் என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். புழு பட்டாம்பூச்சியாவதையும் உருமாற்றம் என்கிறோமே என்று கேட்கலாம். முன்னால் ‘மருந்து’ நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன: மாறிக் கிடைப்பது உருமாற்றப் பொருள், மாற்றுவது உருமாற்ற நொதி, ஸ்மித்தைப் போன்றவர்கள் மந்த உருமாற்றர். ‘இந்த மருந்து கல்லீரலில் உருமாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது’ என்று எழுதினால், மாத்திரையைக் கையில் வைத்திருப்பவருக்கும் புரியும்.